கிடார் வேகத்த விடுங்க, முதல்ல தாளத்த எண்ணுங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோட ஜாஸ் ஃப்யூஷன் குழு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா 1971ல போட்ட முதல் ஆல்பம் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்' பத்தி சின்னதா எழுதி, எல்லாரும் ஒரு தடவ கேட்டுப் பாருங்கன்னு சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்டுட்டு எழுதியிருக்கீங்க, பாதி பேர் கோவமா. ரொம்ப சந்தோஷம், ஏன்னா கோவம் வந்துச்சுன்னா கேட்டுருக்கீங்கன்னு அர்த்தம். இந்தத் தடவ முழுக்க அந்தக் கேள்விகளுக்குத்தான் பதில்.

கேள்வி: நீங்க சொன்னீங்களேன்னு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்தேன். பத்து நிமிஷத்துல தலவலி. ஒரே இரைச்சலா இருக்கு, ஆளாளுக்கு போட்டி போட்டுக்கிட்டு அடிக்கிறாங்க. இதுல என்னங்க ரசிக்கறது?

பதில்: உங்க தலவலிய நான் நம்புறேன். நானும் முதல் தடவ மூணாவது பாட்டு 'தி நூன்வர்ட் ரேஸ்' பாதியிலயே நிறுத்திட்டேன், அப்புறம் பல மாசம் அந்தப் பக்கமே போகல. தப்பு எங்க நடந்துச்சுன்னா நான் கிடார மட்டும் துரத்திக்கிட்டே போனேன், அவர் வாசிக்கிற வேகத்துக்கு காது ஓட முடியுமா, மூச்சு வாங்குது, உடனே வெறுப்பு வந்துருது. அடுத்த தடவ கிடார அப்படியே விட்டுட்டு ரிக் லேர்டோட பேஸ் கிடார மட்டும் பிடிச்சுக்கிட்டு போனேன். அந்த மனுஷன் மத்த நாலு பேரும் பறக்கும்போது தரையில நின்னு அதே நாலஞ்சு சுரத்த திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டே இருப்பார். அதப் பிடிச்சதும் வீட்டுக்குள்ள தூண் தெரிஞ்ச மாதிரி ஆயிருச்சு, மத்ததெல்லாம் அந்தத் தூணச் சுத்தி ஓடுதுன்னு புரிஞ்சுச்சு.

இன்னொண்ணு, எட்டு பாட்டையும் ஒரே மூச்சுல கேக்காதீங்க. இது எல்பி ரெக்கார்டா வந்தது, முதல் பக்கத்துல நாலு, மறுபக்கத்துல நாலு. நடுவுல எழுந்து போய் தட்ட திருப்பிப் போடணும், அந்த இடைவெளி ஆல்பத்தோட ஒரு பகுதின்னே நான் நினைக்கிறேன். நாலாவது பாட்ட கேட்டு நிறுத்துங்க, மறுநாள் அஞ்சாவதுலருந்து ஆரம்பிங்க. சவுண்டயும் கொஞ்சம் குறைச்சு வைங்க. ஹெட்ஃபோன்ல ஃபுல் சவுண்டு வச்சு இதக் கேட்டா யாருக்குமே தலவலிக்கும்.

கேள்வி: பேரு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரான்னு பாத்து பக்தி ஆல்பம்னு நினைச்சு அம்மாவுக்குப் போட்டு விட்டேன், அவங்க பதறிட்டாங்க. எதுக்கு இப்படி ஒரு பேரு?

பதில்: அம்மாகிட்ட நாலாவது பாட்டு 'எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்' மட்டும் தனியா போட்டுக் காட்டுங்க, அதுல டிரம்ஸே கிடையாது, எலக்ட்ரிக் கிடாரும் கிடையாது, அக்கூஸ்டிக் கிடார், பியானோ, வயலின் மூணும்தான், கண்ண மூடிக் கேக்கலாம்.

பேரு வந்த கதை இதுதான். மெக்லாஃப்லின் இங்கிலாந்துல டான்காஸ்டர்ல 1942ல பொறந்தவர், அம்மா வயலின் வாசிப்பாங்க. நியூயார்க் வந்த பிறகு 1970ல அங்க இருந்த வங்காளி குரு ஸ்ரீ சின்மோய்க்கு சீடரானார், குருதான் மகாவிஷ்ணுன்னு பேர் வச்சார். அதயே பேண்டுக்கும் வச்சுக்கிட்டார். ஒரு சின்ன திருத்தமும் சொல்லிடறேன், இதுல பக்தி இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. பாட்டுப் பேரெல்லாம் பாருங்க, 'தி டான்ஸ் ஆஃப் மாயா', 'அவேக்கனிங்'. அந்த மனுஷன் அந்த வருஷங்கள்ல முடிய ஒட்ட வெட்டிக்கிட்டு, வெள்ளை டிரஸ் போட்டுக்கிட்டு, மேடையில ஒரு நிமிஷம் மௌனமா நிக்கச் சொல்லிட்டு அப்புறம்தான் வாசிப்பார். அந்த மௌனத்துக்கு அடுத்த நொடியே இடி இறங்கும். அவர் அந்தச் சத்தத்த பிரார்த்தனையாத்தான் வாசிச்சார்னு நான் முழுசா நம்புறேன்.

கேள்வி: ஜாஸ்னு ஒண்ணு இருக்கு, ராக்னு ஒண்ணு இருக்கு, ஜாஸ் ஃப்யூஷன்னா ரெண்டையும் கலந்து விட்டதுதானே? அதுக்கு எதுக்கு தனிப் பேரு?

பதில்: ஜாஸ்ல பாட்டுங்கறது ஒரு சாக்கு மாதிரிதான், ஒரு மெட்ட வாசிச்சுட்டு அதுலருந்து ஒவ்வொருத்தரும் மனோதர்மமா, அதாவது அந்த நேரத்துல தோணற மாதிரி, விரிச்சுக்கிட்டு போவாங்க. ராக்ல சத்தமும் அடியும் முக்கியம், கிடார் ஆம்ப்ளிஃபயர்ல கிழியணும், டிரம்ஸ் நெஞ்சுல இடிக்கணும். ஃப்யூஷன்காரங்க அந்தச் சத்தத்த எடுத்துக்கிட்டு இந்த மனோதர்மத்த விடாம வச்சுக்கிட்டாங்க.

இதுக்கு கதவத் தெறந்தவர் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ். மெக்லாஃப்லின் 1969 ஆரம்பத்துல டிரம்மர் டோனி வில்லியம்ஸோட பேண்டுல சேரத்தான் நியூயார்க் வந்தார், வந்த கொஞ்ச நாள்லயே, பிப்ரவரி மாசம், மைல்ஸோட 'இன் எ சைலன்ட் வே' ரெக்கார்டிங்குக்கு கூப்பிட்டுட்டாங்க. அங்க பயந்துபோய் உக்காந்திருந்த இந்த இளைஞர்கிட்ட மைல்ஸ் சொன்னது, கிடார் வாசிக்கத் தெரியாதவன் மாதிரி வாசின்னு. மெக்லாஃப்லின் பின்னாடி பல தடவ இதச் சொல்லியிருக்கார். அந்த ஆல்பத்துல அவர் கிடார கேளுங்க, ஒரு குழந்தை தொட்டுப் பாக்கற மாதிரி தயங்கித் தயங்கி இருக்கும். ரெண்டே வருஷம் கழிச்சு அதே ஆள் வாசிச்சதுதான் உங்களுக்கு தலவலி கொடுத்த ஆல்பம். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டீங்கன்னா, வேகம் மட்டுமே தெரிஞ்ச ஆள் இல்ல இவர்னு நான் சொல்லாமலே புரியும்.

கேள்வி: தாளம் தட்டவே முடியல. நான் ஓரளவு மிருதங்கம் கத்துக்கிட்டவன், எனக்கே கை எங்கயோ போயிருது. வேணும்னே தாளம் தப்பா வாசிக்கிறாங்களா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மத்த எல்லாத்தையும் சுருக்கமா எழுதறேன். தப்பே இல்லங்க, கணக்கு ரொம்ப சுத்தம். நீங்க மிருதங்கம் தெரிஞ்சவர்னா உங்களுக்கு மத்தவங்கள விட சீக்கிரம் பிடிபடும், ஆதி தாளத்த மட்டும் கொஞ்ச நேரம் மறந்துடுங்க.

ரெண்டாவது பாட்டு 'டான்'லருந்து ஆரம்பிங்க. அது ஒரு சுத்துக்கு ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி தகிட தகதிமின்னு வாய்லயே சொல்லிக்கிட்டு கேளுங்க, மெதுவா ஆரம்பிக்கறதால தொத்திக்க நேரம் கிடைக்கும், நடுவுல வேகம் ஏறும்போதும் பதறாம அந்த ஏழயே பிடிச்சுக்கிட்டு இருங்க, ஏழு எண்ணிக்கை தாளமான மிஸ்ர சாபு பழகின கைக்கு இது சொந்த ஊருக்குப் போற மாதிரி.

அடுத்து அஞ்சாவது பாட்டு 'வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்'. பேண்டோட டிரம்மர் பில்லி கோபம் தனியா டிரம்ஸ்ல ஆரம்பிப்பார். கேட்ட உடனே கால் தானா ஆடும், சாதாரண நாலு அடின்னு நினைச்சு தட்டுவீங்க, ஒரு சுத்து முடியும்போது கை அரை அடி முன்னாடி போய் விழுந்துரும். ஏன்னா அது ஒம்போது. நாலு முழு அடி, கூட ஒரு அரை அடி. அந்த அரை அடிதான் பாட்ட முன்னாடி தள்ளிக்கிட்டே இருக்கு, ஓடறவன் ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவ தடுக்கி விழப் பாத்து விழாம ஓடற மாதிரி. சின்ன எண்ணிக்கையா ஒண்ணுலருந்து ஒம்போது வர வேகமா எண்ணிப் பாருங்க, எட்டுக்கு அப்புறம் வர்ற அந்த ஒம்போதாவது மேல ஒரு தட்டு தட்டுங்க. பத்து சுத்து இப்படிப் போனா கை பழகிரும். எனக்கு ஒரு வாரம் ஆச்சு, ராத்திரி மேசையில விரலால தட்டித் தட்டிப் பிடிச்சேன், பிடிபட்ட அந்த நிமிஷத்த இன்னிக்கும் மறக்கல, அதுவர இரைச்சலா இருந்ததுக்கு திடீர்னு நடை வந்துருச்சு, அதுக்குள்ள இருந்த வயலின் தெரிஞ்சுச்சு, கிடார் தெரிஞ்சுச்சு.

அப்புறம்தான் 'தி டான்ஸ் ஆஃப் மாயா'வுக்குப் போகணும். கிடார் தனியா ஒரு விசித்திரமான சுர வரிசைய ஒவ்வொரு தந்தியா பிரிச்சு வாசிக்கும், அது பத்து. கொஞ்ச நேரம் அதுலயே போயிட்டு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு புளூஸ் மெட்டு வந்து நுழையும், பழைய புளூஸ் பாட்டுங்களோட ஆட்டம் அப்படியே இருக்கும், ஆனா ஒவ்வொரு சுத்து முடிவுலயும் ஏதோ இடறும். ஏன்னா இது இருபது. ஓ, ஒரு பத்து ஒரு இருபது, அதுக்கென்னன்னு கேப்பீங்க. கடைசியில பாருங்க, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி வாசிப்பாங்க! பத்து ரெண்டு தடவ சுத்தினா இருபது, ரெண்டும் ஒரே இடத்துல வந்து சேந்துக்கும். அதுவர சம்பந்தமில்லாத ரெண்டு பாட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோமே, அது ரெண்டும் ஆரம்பத்துலருந்தே ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கற மாதிரி செஞ்சது. கோர்வை வச்சு சமத்துல, அதாவது தாளம் ஆரம்பிக்கற முதல் அடியில, வந்து விழும்போது உங்களுக்கு என்ன சந்தோஷம் வருமோ அதே சந்தோஷம். மாயான்னு ஏன் பேர் வச்சார்னு அப்பதான் எனக்கு உறைச்சுச்சு.

கேள்வி: எது கிடார், எது வயலின், எது கீபோர்டுன்னே பிரிச்சுப் பாக்க முடியல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: நல்ல கேள்வி, முதல்ல எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வரும், ஏன்னா மூணயும் ஆம்ப்ளிஃபயர் வழியா விட்டு ஒரே உயரத்துல ஒரே மெட்ட சேந்து வாசிக்கிறாங்க. சுரம் எப்படி ஆரம்பிக்குதுன்னு கவனிங்க. கிடார்ல ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால பிளெக்ட்ரம் தந்திய தட்டற சின்ன டக் இருக்கும், மெக்லாஃப்லின் கிட்டத்தட்ட எல்லா சுரத்தையும் தனித்தனியா தட்டித்தான் வாசிப்பார், அதனால மணி மணியா உதிரும். ஜெர்ரி குட்மனோட வயலின்ல அந்த டக் இருக்காது, வில்லு இழுக்கறதால சுரம் வழுக்கிக்கிட்டு உள்ள வரும், முடிவும் இழுத்துக்கிட்டே போகும். யான் ஹாமர் வாசிக்கறது ஃபெண்டர் ரோட்ஸ் எலக்ட்ரிக் பியானோ, அத ரிங் மாடுலேட்டர்ங்கற கருவி வழியா விட்டிருப்பார், அதனால உடைஞ்ச மணி அடிக்கற மாதிரி, தகரத்துல தட்டற மாதிரி ஒரு கரகரப்பு வரும். அந்த உலோகச் சத்தம் கேட்டா அது ஹாமர்தான். இந்த ஆல்பத்துல அவர் மூக் சின்தசைசர்ங்கற எலக்ட்ரானிக் கீபோர்டு வாசிக்கல, அது 1973ல வந்த அடுத்த ஆல்பம் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'லதான், அதுல கிடாருக்கும் கீபோர்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது இதவிட கஷ்டம். அதனால இங்கயே பழகிக்கோங்க.

பழகறதுக்கு 'தி நூன்வர்ட் ரேஸ்'தான் சரி. ஆரம்பத்துல கிடாரும் டிரம்ஸும் மட்டும் மோதிக்கும், அப்புறம் வயலின், கீபோர்டு, கிடார்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தனி ஆவர்த்தனம் மாதிரி வாசிப்பாங்க. ரெண்டு தடவ கேட்டா மூணு குரலும் மனசுல பதிஞ்சுரும்.

கேள்வி: மெக்லாஃப்லின் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவர்னு கேள்விப்பட்டேன். அப்ப இந்த ஆல்பத்துல எந்த எந்த ராகம் இருக்கு?

பதில்: தயவுசெஞ்சு இந்த ஆல்பத்துல ராகம் தேடாதீங்க, ஏமாந்துடுவீங்க. இது ஜாஸ், ராக், புளூஸ், கொஞ்சம் ஐரோப்பிய சாஸ்திரிய இசை. இந்திய இசை மேல அவருக்கு ஆசை அப்பவே இருந்துச்சு, தாளக் கணக்குல அதோட வாசனை அடிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டியில டாக்டர் எஸ். ராமநாதன்கிட்ட அவர் வீணை கத்துக்கிட்டார். அந்தப் பழக்கம் முழுசா பழுத்தது சக்தி குழுவுலதான், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், இவங்களோட சேந்து எலக்ட்ரிக் கிடார ஓரமா வச்சுட்டு அக்கூஸ்டிக் கிடார் எடுத்துக்கிட்டார்.

அந்தக் கிடாரே தனியா செஞ்சது. ஆறு தந்திக்கு கீழ குறுக்கால ஏழு தந்தி ஓடும், சுருதிக்கு. விரல் வைக்கற பலகைய கட்டைகளுக்கு நடுவுல குழியா குடைஞ்சிருப்பாங்க, வீணையில தந்திய இழுத்து கமகம் பிடிக்கற மாதிரி இதுல அழுத்தி இழுக்கலாம். ராகம் கேக்கணும்னா 1976ல வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' ஸ்டூடியோ ஆல்பத்த எடுங்க. தாளச் சொல்ல வாயாலயே சொல்ற கொன்னக்கோல் மேல அவருக்கு இருந்த பிரியம் அப்புறமும் போகல, விநாயக்ராமோட மகன் செல்வகணேஷோட சேந்து கொன்னக்கோல் சொல்லிக் குடுக்கற டிவிடியே போட்டுருக்கார். அதே சக்தி பல வருஷம் கழிச்சு 2023ல 'திஸ் மொமென்ட்'னு ஆல்பம் போட்டு 2024ல கிராமி வாங்கினதும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: இவ்வளவு நல்லா வாசிச்சவங்க ஏன் சீக்கிரம் பிரிஞ்சாங்க?

பதில்: 1971ல சேந்து 1973 முடியறதுக்குள்ள பிரிஞ்சுட்டாங்க. நினைச்சா இப்பவும் எனக்கு வருத்தமா இருக்கு. ஓயாத கச்சேரி, களைப்பு, குரு விஷயத்துல மத்தவங்களுக்கு ஒட்டாதது, இதெல்லாம் உண்டு. ஆனா அடிப்படை பேருதான். முதல் ஆல்பத்துல எட்டு பாட்டுக்கும் இசையமைச்சவர்னு மெக்லாஃப்லின் பேரு ஒண்ணுதான் இருக்கு. வாசிக்கிறப்ப நாங்களும் சேந்துதானே உருவாக்கறோம்ங்கற மனக்குறை மத்தவங்களுக்கு வளந்துக்கிட்டே வந்துச்சு. 1973ல லண்டன்ல டிரைடன்ட் ஸ்டூடியோவுல மூணாவது ஸ்டூடியோ ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணாங்க, அதுல ஹாமர், குட்மன், லேர்ட் மூணு பேரோட பாட்டும் இருந்துச்சு, ஆனா சண்டையில அது வெளியவே வரல. 1999லதான் 'தி லாஸ்ட் டிரைடன்ட் செஷன்ஸ்'னு வந்துச்சு. என் பக்கம் கேட்டீங்கன்னா எனக்கு மத்த நாலு பேரு மேலதான் இரக்கம். பில்லி கோபம் இல்லாம 'வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்' ஒரு பாட்டே இல்லங்க. எழுதினது ஒருத்தரா இருக்கலாம், ஆனா உயிர் குடுத்தது அஞ்சு பேரு. இங்கிலாந்துக்காரர் ஒருத்தர், பனாமாவுல பொறந்து நியூயார்க்ல வளந்தவர் ஒருத்தர், பிராக்ல இருந்து வந்தவர் ஒருத்தர், சிகாகோக்காரர் ஒருத்தர், டப்ளின்ல பொறந்தவர் ஒருத்தர், இந்த அஞ்சு பேரும் ஒரே ரூம்ல நின்னதே பெரிய விஷயம்.

கேள்வி: என் பையன் ரெண்டு வருஷமா கிடார் கத்துக்கறான். மெக்லாஃப்லின் மாதிரி ஸ்பீடா வாசிக்கணும்னு நாள் பூரா வெறித்தனமா பிராக்டிஸ் பண்றான், மணிக்கட்டு வலிக்குதுங்கறான். என்ன சொல்லிப் புரிய வைக்கறது?

பதில்: வலிச்சா அன்னிக்கு நிறுத்தச் சொல்லுங்க, இதுல பேச்சே இல்ல. ரெண்டு மூணு நாள்ல வலி போகலன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க, கை போனா கிடாரே போச்சு.

ஆசைய மட்டும் தடுக்காதீங்க, அத வேற பக்கம் திருப்புங்க. தாளம் தட்டிக் காட்டற மெட்ரோனோம் கருவிய வேகத்துல பாதிக்குக் கீழ வச்சு, ஒவ்வொரு சுரமும் ஒரே அளவு சத்தத்துல சுத்தமா விழுதான்னு கேக்கச் சொல்லுங்க. வாசிக்கறதுக்கு முன்னாடி அந்த வரிய வாயால பாடச் சொல்லுங்க, வாயில வராதது விரல்ல வந்தா அது வெறும் விரல் பழக்கம்தான். கூடவே கிடார கீழ வச்சுட்டு ஏழு, ஒம்போதுன்னு கை தட்டச் சொல்லுங்க, நீங்களும் கூட உக்காந்து தட்டுங்க. மெக்லாஃப்லினோட வலது கை வேகத்துல பல பேருக்கு வராதது விரல் பலம் இல்ல, தாளத்துல எந்த இடத்துல நிக்கறோம்ங்கற தெளிவுதான். அவர் எவ்வளவு வேகமா போனாலும் அடுத்த சமம் எங்க வருதுன்னு அவருக்குத் தெரியும், அதனாலதான் அந்த வேகம் நமக்கு பதட்டமா இல்லாம உற்சாகமா கேக்குது.

கேள்வி: இந்த ஆல்பம் எனக்கு ரொம்ப பிடிச்சிருச்சு. அடுத்து என்ன கேக்கலாம்?

பதில்: 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' கண்டிப்பா. டிரம்ஸ் பிடிச்சிருந்தா 1973ல பில்லி கோபம் தன் பேர்ல போட்ட 'ஸ்பெக்ட்ரம்'. கிடார் கொஞ்சம் பாடற மாதிரி, சுரத்துக்கு நடுவுல காத்து வர்ற மாதிரி வேணும்னா கிடார் கலைஞர் ஜெஃப் பெக்கோட 'புளோ பை புளோ', 1975ல வந்தது, பீட்டில்ஸோட தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்தான் அதுக்கும் தயாரிப்பாளர். இதுக்கு நேர் எதிர் குணம் வேணுமா, கிடார் கலைஞர் பாட் மெத்தனி 1976ல போட்ட முதல் ஆல்பம் 'பிரைட் சைஸ் லைஃப்', மூணே பேரு, அதுல ஜாக்கோ பாஸ்டோரியஸோட பேஸ் கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.

கேள்வி: எனக்கு அவ்வளவு பொறுமை இல்ல. ஒரே ஒரு பாட்டு சொல்லுங்க, பிடிச்சா மிச்சத்த பாக்கறேன்.

பதில்: ஏழாவது, 'யூ நோ யூ நோ'. அஞ்சு நிமிஷம்தான். கிடார் ரொம்ப மெதுவா, சத்தமே போடாம ஒரு சின்ன வரிய பிரிச்சுப் பிரிச்சு வாசிக்கும், வாசிச்சுட்டு ஒரு இடம் விடும், திரும்ப அதே வரி, திரும்ப இடம். ஆல்பம் முழுக்க மின்னல் மாதிரி வாசிச்ச மனுஷன் இதுல அதயே திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு நிக்கிறார். விட்ட இடத்துலதான் டிரம்மர் பில்லி கோபம் நுழையறார், முதல்ல ஒரு சின்ன உருட்டல், அடுத்த இடைவெளியில கொஞ்சம் பெருசா, அதுக்கடுத்ததுல இன்னும் பெருசா. பின்னாடி வந்த மாஸிவ் அட்டாக் குழு 1991ல தன் 'ஒன் லவ்' பாட்டுக்கு இந்த வரியத்தான் எடுத்து உபயோகிச்சாங்க, அவ்வளவு ஒட்டிக்கிற வரி. விளக்க அணைச்சுட்டு கேளுங்க, கிடார் நிறுத்தற ஒவ்வொரு தடவயும் அந்த இடைவெளியில யார் வரப்போறாங்கன்னு மட்டும் காத்திருங்க.